மெய்யியல் துறைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: ஆய்வரங்கு, வாசிப்பு வட்டம், கருத்தரங்கு ஆகியவற்றில் பங்கேற்பது எப்படி

மெய்யியல் துறையில் புதிதாகச் சேரும் மாணவர்களில் பலர், கால அட்டவணையில் உள்ள பாடவேளைகள்தாம் துறை என்று எண்ணிக்கொள்கிறார்கள். வகுப்பு முடிந்ததும் நூலகத்துக்கோ விடுதிக்கோ போய்விடுகிறார்கள். அதே கட்டடத்தின் ஓர் அறையில், மாலை வேளையில், பேராசிரியர்களும் ஆய்வாளர்களும் மேசையைச் சுற்றி அமர்ந்து ஒரே ஒரு வாக்கியத்தின் பொருளைப் பற்றி ஒரு மணி நேரம் வாதாடிக்கொண்டிருப்பது தெரியாமலேயே அவர்களுடைய முதல் ஆண்டு கழிந்துவிடுகிறது. வேதியியல் மாணவருக்கு ஆய்வுக்கூடம் எப்படியோ, மெய்யியல் மாணவருக்கு அந்த அறை அப்படி. ஒரு கருத்தை முன்வைப்பதும், அதற்கு வரும் மறுப்பைப் பொறுமையாகக் கேட்பதும், தேவைப்பட்டால் சொன்னதைத் திருத்திக்கொள்வதும் புத்தகம் படித்து மட்டும் வருவதில்லை; பிறர் அவற்றைச் செய்வதை அருகில் இருந்து பார்த்து, பிறகு தாமே செய்து பழகுவதால்தான் வருகின்றன. அந்த அறைக்குள் எப்படி நுழைவது, நுழைந்தபின் என்ன செய்வது என்பதைப் படிப்படியாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில், என்னென்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

நிகழ்ச்சிகளின் பெயர்கள் துறைக்குத் துறை மாறினாலும் வகைகள் பெரும்பாலும் ஒன்றே. வாரம் ஒரு முறையோ இரு வாரத்துக்கு ஒரு முறையோ ஒருவர் தம் கட்டுரையை வாசித்து அனைவருடைய கேள்விகளுக்கும் விடை சொல்லும் கூட்டம் ஆய்வரங்கு. ஒரு நூலை அல்லது கட்டுரையைச் சிலர் சேர்ந்து சிறிது சிறிதாகப் படிப்பது வாசிப்பு வட்டம். ஆய்வு மாணவர்கள் இன்னும் முடிவு பெறாத தம் வேலையைத் தங்களுக்குள் வாசித்துக்கொள்ளும் மாணவர் அரங்கு ஒன்று பெரும்பாலான துறைகளில் தனியாக உண்டு. இவை தவிர ஆண்டுக்கு ஓரிரு முறை நடக்கும் அறக்கட்டளைச் சொற்பொழிவுகள், ஒன்றிரண்டு நாள் நீளும் பயிலரங்குகள், வெளியூர் ஆய்வாளர்கள் கூடும் கருத்தரங்குகள், முனைவர் பட்டத்துக்கான பொது வாய்மொழித் தேர்வுகள், மாணவர் மன்றம் நடத்தும் கூட்டங்கள் ஆகியவை உள்ளன.

இவற்றின் பட்டியல் ஒரே இடத்தில் கிடைப்பது அரிது. அறிவிப்புப் பலகையைப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், துறை அலுவலகத்துக்கு ஒரு முறை நேரில் சென்று கேளுங்கள். இந்தப் பருவத்தின் ஆய்வரங்கு எந்தக் கிழமை, அதன் ஒருங்கிணைப்பாளர் யார், அறிவிப்புகள் வரும் மின்னஞ்சல் குழுவில் என் முகவரியைச் சேர்க்க யாரிடம் சொல்ல வேண்டும் என்ற மூன்றும் தெரிந்தால் போதும். வாசிப்பு வட்டங்கள் பெரும்பாலும் அறிவிப்பே இல்லாமல் நடப்பவை. மூத்த ஆய்வு மாணவர் ஒருவரிடம் கேட்டால் எந்த அறையில் எந்த நூல் ஓடிக்கொண்டிருக்கிறது என்று சொல்லிவிடுவார். முதலாம் ஆண்டு மாணவர் வரலாமா என்ற தயக்கம் வேண்டாம். குறிப்பாகத் தடை சொல்லப்படாத எந்தக் கூட்டமும் உங்களுக்கும் உரியதே.

இரண்டை மட்டும் தேர்ந்தெடுங்கள்

ஆர்வ மிகுதியால் எல்லாவற்றுக்கும் போகத் தொடங்கி, மூன்றாவது வாரத்தில் களைத்து, எதற்கும் போகாமல் நின்றுவிட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் பருவத்தில் ஓர் ஆய்வரங்கும் ஒரு வாசிப்பு வட்டமும் போதும். ஆனால் அந்த இரண்டுக்கும் ஒரு வாரம்கூடத் தவறாமல் போக வேண்டும். தொடக்கத்தில் பேசப்படுவதில் பாதிக்கு மேல் புரியாது. அது உங்கள் அறிவுக் குறைவைக் காட்டுவதல்ல. மெய்யியலின் ஒவ்வொரு கிளைக்கும் தனிக் கலைச்சொற்களும், ஏற்கெனவே நடந்து முடிந்த நீண்ட விவாதங்களும் இருக்கின்றன. பேசுபவர்கள் அவற்றை விளக்காமலே தாண்டிப் போவார்கள். அறவியலில் பல ஆண்டுகள் உழைத்த பேராசிரியரே தருக்கவியல் பற்றிய கூட்டத்தில் பாதி புரியாமல் உட்கார்ந்திருப்பதுண்டு. ஆறேழு வாரம் தொடர்ந்து போனால் அதே சொற்கள் திரும்பத் திரும்ப வருவதைக் காண்பீர்கள். அப்போது அவை தாமாகவே பிடிபடும்.

போவதற்கு முன் அரை மணி நேரம்

ஆய்வரங்கு அறிவிப்புடன் உரையின் சுருக்கம் ஒன்று வரும். அதை இரண்டு முறை படியுங்கள். முதல் முறை படிக்கும்போது தெரியாத சொற்களை அடிக்கோடிட்டு, அவற்றில் முக்கியமானதாகத் தோன்றும் இரண்டுக்கு மட்டும் கலைக்களஞ்சியத்திலோ அறிமுக நூலிலோ பொருள் பாருங்கள். இரண்டாம் முறை படிக்கும்போது, பேச்சாளர் எந்தக் கருத்தை நிறுவப் போகிறார், யாரை மறுக்கப் போகிறார் என்பதை உங்கள் சொந்தச் சொற்களில் ஒரு வாக்கியமாக எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதியது தவறாகவும் இருக்கலாம். உரையைக் கேட்கும்போது அது எங்கே பிழைத்தது என்று தெரிவதே பெரிய லாபம். சில துறைகளில் கட்டுரையை முன்கூட்டியே அனுப்பிவிடுவார்கள். கூட்டத்தில் வாசிப்பே நடக்காது, நேரடியாக விவாதம் தொடங்கிவிடும். அத்தகைய கூட்டத்துக்குக் கட்டுரையைப் படிக்காமல் போனால் அங்கே நடப்பது எதுவும் விளங்காது.

அரங்கினுள்

வழக்கமாக உரை நாற்பது முதல் ஐம்பது நிமிடம் நடக்கும். சிறிய இடைவேளைக்குப் பிறகு கேள்வி நேரம் ஏறக்குறைய அதே அளவு நீளும். மற்றத் துறைகளில் உரைக்குப் பின் பத்து நிமிடம் கேள்விக்கு ஒதுக்குவார்கள். மெய்யியலில் கேள்வி நேரம்தான் நிகழ்ச்சியின் சரிபாதி, சில நாள்களில் அதைவிட அதிகம். ஆகவே உரை முடிந்ததும் எழுந்து போய்விடாதீர்கள்.

குறிப்பெடுக்கும் தாளை நடுவில் கோடிட்டு இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் பேச்சாளர் சொல்வது, வலப்பக்கம் உங்களுக்குத் தோன்றுவது. இரண்டும் கலந்துவிட்டால், பேச்சாளர் சொல்லாததைச் சொன்னதாக எண்ணிக் கேள்வி கேட்டுவிட நேரும்.

பல பேச்சாளர்கள் ஒரு பக்கக் கைத்தாள் தருவார்கள். அதில் அவருடைய வாதம் எண்ணிட்ட கூற்றுகளாக இருக்கும். அந்த எண்களைப் பயன்படுத்தக் கற்றுக்கொள்வதே புதியவர் பெறக்கூடிய முதல் திறன் என்று கருதுகிறேன். ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். பொய் என்றால் என்ன என்பது பற்றிய ஓர் உரை. கைத்தாளில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

(1) ஏமாற்றும் நோக்கம் இல்லாத பேச்சு பொய் ஆகாது.
(2) கேட்பவர் எல்லோருக்கும் உண்மை தெரியும் என்பதை அறிந்து பேசுகிறவருக்கு ஏமாற்றும் நோக்கம் இருக்க முடியாது.
(3) ஆகவே எல்லோரும் அறிந்த உண்மையை, அவர்கள் அறிவார்கள் என்று தெரிந்தே மறுத்துப் பேசுகிறவர் பொய் சொல்லவில்லை.

முடிவைப் படித்தவுடன் “இது எப்படிச் சரியாகும்?” என்று மனம் துள்ளும். அத்துள்ளல் நல்லது, ஆனால் அது இன்னும் கேள்வி ஆகவில்லை. (1), (2) இரண்டும் உண்மையானால் (3) உண்மையாகியே தீரும். எனவே முடிவு பிடிக்கவில்லை என்றால் முதல் இரண்டில் ஒன்றையாவது நீங்கள் மறுத்தாக வேண்டும். எதை மறுக்கிறீர்கள்? வழக்கு மன்றத்தில் ஒரு சாட்சி, அங்கிருக்கும் அனைவருக்கும் உண்மை தெரியும் என்று தெரிந்தும், “நான் எதையும் பார்க்கவில்லை” என்கிறார். அவர் பொய் சொல்கிறார் என்றே நாம் சொல்வோம். ஆனால் அங்கிருக்கும் யாரையும் அவர் ஏமாற்ற நினைக்கவில்லை. அப்படியானால் (1) தவறோ என்று ஐயம் எழுகிறது. அல்லது வேறொரு வழியில் யோசித்து, “இரண்டாம் கூற்றில் வரும் ‘கேட்பவர்’ என்ற சொல் அறையில் இருப்பவர்களை மட்டும் குறிக்கிறதா, அந்த வாக்குமூலத்தைப் பிற்காலத்தில் பதிவேட்டில் படிக்கப்போகிறவரையும் சேர்த்துக்கொள்கிறதா?” என்று கேட்கலாம். இரண்டே வரிதான், ஆனால் பேச்சாளர் எந்தப் பக்கம் விடை சொன்னாலும் அவருடைய வாதத்தில் ஏதோ ஒன்று அசையும். இப்படி எண்ணைச் சுட்டிக் கேட்கும் கேள்வியைப் பேச்சாளர்கள் மிகவும் விரும்புகிறார்கள், ஏனென்றால் தம் கட்டுரையில் எந்த இடத்தைத் திருத்த வேண்டும் என்பது அவர்களுக்கு உடனே தெரிந்துவிடுகிறது.

கேள்வி கேட்கும் முறை

கேள்வி நேரத்தை நடத்துபவர் அமர்வுத் தலைவர். கை உயர்த்துகிறவர்களின் பெயர்களை அவர் வரிசையாகக் குறித்துக்கொண்டு ஒவ்வொருவராக அழைப்பார். பல துறைகளில் ஒரு நுட்பமான வழக்கம் உண்டு: புதிய கேள்வி கேட்க விரும்புகிறவர் முழுக் கையையும் உயர்த்துவார்; இப்போது நடந்துகொண்டிருக்கும் கேள்வியின் தொடர்ச்சியாக ஒன்றைக் கேட்க விரும்புகிறவர் ஒரு விரலை மட்டும் உயர்த்துவார். விரல் உயர்த்தியவருக்கு வரிசையைத் தாண்டி இடம் கிடைக்கும். ஆகையால் தொடர்பில்லாத கேள்வியை விரலின் மூலம் நுழைப்பது பெரும் முறைகேடாகக் கருதப்படுகிறது. முதல் கேள்வியை மாணவர்களுக்கே தர வேண்டும் என்ற விதியைச் சில துறைகள் கடைப்பிடிக்கின்றன. உங்கள் துறையில் அப்படி இருந்தால் அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

நான் முதன்முதலாக ஆய்வரங்கில் எழுந்து பேசியபோது மூன்று நிமிடத்துக்கு மேல் பேசிவிட்டேன். படித்ததையெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்ற பதற்றம். பேச்சாளர் கனிவாக, “இதில் நான் விடை சொல்ல வேண்டியது எதற்கு?” என்று கேட்டார், எனக்கே அது தெரியவில்லை. அன்றிலிருந்து ஒரு பழக்கத்தை விடாமல் பின்பற்றி வருகிறேன்: கை உயர்த்துவதற்கு முன் கேள்வியைத் தாளில் முழு வாக்கியமாக எழுதி, அது கேள்விக்குறியில் முடிகிறதா என்று பார்த்துக்கொள்வேன். முடியவில்லை என்றால் கை உயர்த்துவதில்லை. புதியவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள அறிவுரை என்னிடம் இல்லை.

எதைக் கேட்பது என்று தெரியாதபோது மூன்று வகைக் கேள்விகள் கைகொடுக்கும். பொருள் பற்றியது: இந்தச் சொல்லை நீங்கள் எந்தப் பொருளில் பயன்படுத்துகிறீர்கள்? காரணம் பற்றியது: இந்தக் கூற்றை ஏற்க வேண்டியதற்கான காரணம் என்ன? விளைவு பற்றியது: இதை ஏற்றால் இன்னொன்றையும் ஏற்க வேண்டி வருமே, அதை ஏற்கிறீர்களா? முதல் வகையே தொடக்கத்துக்குப் பொருத்தமானது. பொருள் கேட்பது அறியாமையின் அடையாளம் என்று எண்ணிப் பலர் வாய் திறப்பதில்லை; ஆனால் அரங்கில் பாதிப் பேருக்கு அதே ஐயம் இருக்கும்.

கேள்வியின் மனநிலையும் முக்கியம். இந்தியத் தருக்க மரபான நியாய தரிசனம் விவாதத்தை மூன்றாகப் பிரிக்கிறது. உண்மையை அறிவதற்காக இருவர் பேசுவது வாதம்; எந்த வழியிலாவது வெல்ல வேண்டும் என்று பேசுவது ஜல்பம்; தனக்கென ஒரு நிலைப்பாடும் இல்லாமல் எதிராளியைத் தகர்ப்பதற்காகவே பேசுவது விதண்டை. விதண்டாவாதம் என்று நாம் அன்றாடம் சொல்வது இதிலிருந்து வந்ததே. ஆய்வரங்கு முதல் வகைக்கான இடம். பட்டிமன்றத்தைப் போல அணி பிரிவதும், நடுவர் தீர்ப்புச் சொல்வதும், சிலேடைக்குக் கைதட்டுவதும் இங்கே இல்லை. சைவ சித்தாந்த நூல் மரபில் பிறர் கொள்கையைப் பரபக்கம் என்று முதலில் எடுத்துரைத்து, அதன் பிறகே தம் கொள்கையைச் சுபக்கமாக நிறுவும் முறை ஒன்று உண்டு. அம்முறையைக் கேள்விக்கும் கொண்டுவரலாம்: “நீங்கள் சொல்வதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்” என்று பேச்சாளரின் கருத்தை அவரே தலையசைக்கும் வண்ணம் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு, பிறகு உங்கள் ஐயத்தைக் கேளுங்கள். விடை வந்தபின் ஒரே ஒரு தொடர்கேள்வி கேட்கலாம். அதற்கு மேல் என்றால் அரங்கு முடிந்தபின் வெளியில் நின்று பேசிக்கொள்ளலாம். அந்தப் பதினைந்து நிமிடத்தில்தான் பல நல்ல உரையாடல்கள் நடக்கின்றன, கூச்சமுள்ளவர்களுக்கு அதுவே எளிதான நுழைவாயிலும்கூட.

அன்று இரவே குறிப்புகளை எடுத்து, கூட்டத்தில் எழுந்த மிகச் சிறந்த மறுப்பு எது, அதற்குப் பேச்சாளர் என்ன சொன்னார் என்பதை ஐந்தாறு வரியில் எழுதி வையுங்கள்.

வாசிப்பு வட்டம்

ஆய்வரங்கில் நீங்கள் கேட்பவர்; வாசிப்பு வட்டத்திலோ முதல் நாளிலிருந்தே பங்காளி. நான்கு முதல் எட்டுப் பேர் இருந்தால் வட்டம் நன்றாக நடக்கும். அதற்கு மேல் போனால் இரண்டு மூன்று பேர் மட்டும் பேசத் தொடங்குகிறார்கள். வேகம் பற்றிப் புதியவர்களுக்கு வியப்பு ஏற்படும். இரண்டு மணி நேரத்தில் ஐந்து பக்கம் தாண்டினால் அது விரைவான நாள்.

நீங்களே ஒரு வட்டம் தொடங்குவதாக இருந்தால் தடித்த நூலைத் தொடாதீர்கள். எட்மண்டு கெட்டியர் 1963இல் வெளியிட்ட, மூன்றே பக்கமுள்ள கட்டுரை இதற்கு மிகவும் ஏற்றது. அறிவு என்பது தக்க காரணத்துடன் கூடிய உண்மையான நம்பிக்கை என்ற வரையறை போதாது என்பதை அவர் இரண்டு சிறு கதைகளால் காட்டினார். அம்மூன்று பக்கத்துக்கு மறுமொழியாக எழுதப்பட்டவை ஒரு நூலகத்தின் அலமாரிகளை நிறைக்கும். முதல் கதையில் ஸ்மித், ஜோன்ஸ் என்ற இருவர் ஒரே வேலைக்கு விண்ணப்பிக்கிறார்கள். வேலை ஜோன்ஸுக்குத்தான் என்று நிறுவனத் தலைவரே சொல்லக் கேட்ட ஸ்மித், ஜோன்ஸின் சட்டைப் பையில் பத்து நாணயம் இருப்பதையும் எண்ணிப் பார்த்திருக்கிறார். ஆகவே, “வேலை பெறப்போகிறவரின் பையில் பத்து நாணயம் இருக்கிறது” என்று நம்புகிறார். கடைசியில் வேலை ஸ்மித்துக்கே கிடைக்கிறது; அவருக்கே தெரியாமல் அவருடைய பையிலும் பத்து நாணயம் இருக்கிறது. அவர் நம்பியது உண்மை, நம்பியதற்குக் காரணமும் இருந்தது. ஆனால் அவர் அதை அறிந்திருந்தார் என்று சொல்ல மனம் வருவதில்லை.

நான் இருந்த ஒரு வட்டத்தில் இந்தப் பத்தியிலேயே முதல் வாரம் முழுவதும் கழிந்தது. ஒருவர், தவறான செய்தியை அடிப்படையாகக் கொண்ட நம்பிக்கைக்குத் தக்க காரணம் இருப்பதாகச் சொல்வதே பிழை என்றார். மற்றொருவர், அப்படியானால் மருத்துவர் சொல்லை நம்பி நாம் அறிவதாகச் சொல்லும் அத்தனையும் என்ன ஆகும் என்று திருப்பிக் கேட்டார். முதலாமவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “பொய்யான செய்தி வேறு, பொய்யாகக்கூடிய செய்தி வேறு; நான் இரண்டையும் குழப்பிவிட்டேன்” என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அந்த வாரம் செலவானதில் எங்களில் யாருக்கும் வருத்தமில்லை.

நடத்தும் முறை எளிது. ஒவ்வொரு வாரமும் ஒருவர் பொறுப்பேற்று, பகுதியை ஐந்து நிமிடத்தில் சுருக்கிச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு ஐயத்தை எழுதிக்கொண்டு வர வேண்டும். ஒரு பத்தியை யாராவது உரக்கப் படித்துவிட்டு அதைப் பற்றி மட்டும் பேசுவது, பேச்சு வேறெங்கோ போய்விடாமல் தடுக்கும். மொழிபெயர்ப்பில் படிக்கிறீர்கள் என்றால் இரண்டு வெவ்வேறு மொழிபெயர்ப்புகளை மேசையில் வைத்துக்கொள்ளுங்கள்; அவை முரண்படும் இடத்தில் மூலத்தின் சிக்கல் ஒன்று ஒளிந்திருக்கும்.

உங்கள் கட்டுரையை வாசிக்கும் நாள்

ஓர் ஆண்டுக்குப் பிறகு மாணவர் அரங்கில் நீங்களே வாசிக்கலாம். முடிந்த கட்டுரை தேவையில்லை. உண்மையில் முடியாததைக் கொண்டு போவதே நல்லது, ஏனென்றால் முடிந்துவிட்டதாக நினைக்கும் கட்டுரைக்கு வரும் மறுப்பை மனம் எளிதில் ஏற்பதில்லை. ஒரு கருத்து, அதற்கு ஒரு வாதம், அதற்கு எதிரான ஒரு வலுவான மறுப்பு, அதற்கு உங்கள் விடை என்ற அளவோடு நிறுத்துங்கள். வீட்டில் கடிகாரம் வைத்து உரக்க வாசித்துப் பாருங்கள். மனத்துக்குள் படிக்கும்போது ஆகும் நேரத்தை நம்ப வேண்டாம். ஒரு பக்கக் கைத்தாளில் கூற்றுகளை எண்ணிட்டுக் கொடுங்கள். கேள்வி நேரத்தில் நண்பர் ஒருவரை உங்களுக்காகக் குறிப்பெடுக்கச் சொல்லுங்கள், ஏனெனில் விடை சொல்லும் பரபரப்பில் கேட்கப்பட்ட கேள்வியே மறந்துபோகும். விடை தெரியாத கேள்விக்கு, “இதை நான் யோசித்துப் பார்க்கவில்லை, யோசித்துச் சொல்கிறேன்” என்பது முழுமையான, மதிக்கத்தக்க விடை.

அடுத்தது வெளிக் கருத்தரங்கு. கட்டுரை அழைப்பில் கேட்கப்படும் சுருக்கம் பெரும்பாலும் முந்நூறு முதல் ஐந்நூறு சொற்களுக்குள் இருக்க வேண்டும். அதில் சிக்கலை விவரிப்பதிலேயே இடத்தையெல்லாம் செலவழித்துவிட்டு, “இதைப் பற்றி ஆராய உள்ளேன்” என்று முடிப்பதுதான் புதியவர்கள் நிராகரிக்கப்படுவதற்குப் பொதுவான காரணம். உங்கள் முடிவு என்ன, அதற்கு எப்படி வந்து சேர்கிறீர்கள் என்பதை முதல் மூன்று வாக்கியத்துக்குள் சொல்லிவிடுங்கள். மதிப்பீட்டாளருக்கு எழுதியவர் யார் என்று தெரியக் கூடாது என்பது பல கருத்தரங்குகளின் விதி. அப்போது பெயரை மட்டும் அல்லாமல், “என் முந்தைய கட்டுரையில்” போன்ற தொடர்களையும் கோப்பின் பண்புகளில் தங்கிவிடும் பெயரையும் நீக்க வேண்டும். அனுப்புவதற்கு முன் நெறியாளரிடமோ மூத்த மாணவரிடமோ ஒரு முறை காட்டுங்கள். பெரிய அளவில் பார்க்க விரும்புகிறவர்களுக்கு உலக மெய்யியல் பேரவை இருக்கிறது. அது 1900இல் பாரிசில் தொடங்கியது; அதன் 25ஆவது கூட்டம் 2024இல் ரோமில் நடந்தது. அதில் மாணவர்களுக்கென்றே தனி அமர்வுகளும் உண்டு.

பொது வாய்மொழித் தேர்வுகளை விட்டுவிடாதீர்கள். பல ஆண்டு உழைப்பை ஒருவர் ஒன்றிரண்டு மணி நேரத்தில் எப்படிக் காத்து நிற்கிறார் என்பதை வேறெங்கும் பார்க்க முடியாது.

பொதுமக்களுக்கான நாள்களும் போட்டிகளும்

நவம்பர் மாதத்தின் மூன்றாவது வியாழக்கிழமை உலக மெய்யியல் நாள். யுனெஸ்கோ 2002இல் முதன்முதலாக அதைக் கொண்டாடியது. 2005இல் அதன் பொது மாநாடு ஆண்டுதோறும் கொண்டாட முடிவு செய்தது. ஜனவரி 14 உலகத் தருக்கவியல் நாள். தருக்கவியலாளர்களான ஆல்ஃபிரெட் தார்ஸ்கி 1901இல் பிறந்த நாளும், கூர்ட் கோடெல் 1978இல் மறைந்த நாளும் அதுவே. இந்நாள்களில் பல துறைகள் பள்ளி மாணவர்களையும் பொதுமக்களையும் அழைத்து நிகழ்ச்சி நடத்துகின்றன. தன்னார்வலராகச் சேர இது நல்ல வாய்ப்பு. அறவியல் கிண்ணம் என்ற போட்டியும் அமெரிக்காவில் 1993இல் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. இதில் அணிகள் எதிரெதிர்ப் பக்கம் பேசியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இரு அணியும் ஒரே முடிவைச் சொல்லலாம், காரணங்களின் தரத்துக்கே மதிப்பெண். மெய்யியலின் இயல்புக்கு இது வழக்கமான பேச்சுப் போட்டியைவிட எவ்வளவோ பொருத்தமானது.

பொதுமக்களுடன் உரையாடல் நடத்த லெயோனார்டு நெல்சன் என்ற ஜெர்மன் மெய்யியலாளரின் வழியில் வளர்ந்த சாக்ரடீசிய உரையாடல் முறையைப் பரிந்துரைக்கிறேன். பெரிய மேதைகளின் பெயரை யாரும் எடுக்கக் கூடாது. ஒரு கேள்வியை, எடுத்துக்காட்டாக “வாக்குறுதியை எப்போது மீறலாம்?” என்பதை வைத்துக்கொண்டு, கூடியிருப்பவர்களில் ஒருவர் தம் வாழ்வில் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும், முழுக் குழுவும் அந்த ஒரு நிகழ்ச்சியைவிட்டு விலகாமல் அதிலிருந்தே பொதுக் கருத்தைத் தேட வேண்டும். நடத்துபவர் தம் கருத்தைச் சொல்லாமல், சொல்லப்பட்டது எல்லோருக்கும் புரிந்ததா என்று மட்டும் கவனிப்பார்.

நீங்களே ஒரு கூட்டத்தை ஒருங்கிணைக்கும்போது

இரண்டாம் ஆண்டிலேயே இப்பொறுப்பு உங்கள் கைக்கு வரலாம். பேச்சாளரை இரண்டு மாதத்துக்கு முன் அழையுங்கள். அழைப்பிலேயே உரைக்கு எவ்வளவு நேரம், கேள்விக்கு எவ்வளவு நேரம், கேட்போர் யார், பயணச் செலவை யார் ஏற்பது என்பவற்றைத் தெளிவாக எழுதிவிடுங்கள். அறையில் சக்கர நாற்காலி நுழையுமா, பின்வரிசைக்கு ஒலி கேட்குமா என்பதை முந்தைய நாள் நேரில் போய்ப் பாருங்கள். அமர்வுத் தலைவராக இருப்பவரிடம், இதுவரை பேசாதவருக்கு முன்னுரிமை தரும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இந்த ஒரு வேண்டுகோள் கூட்டத்தின் தன்மையையே மாற்றிவிடும்.

நிகழ்ச்சிக் குறிப்பை யார் எழுதுவது என்பதையும் தொடங்கும் முன்பே முடிவு செய்யுங்கள். 1946 அக்டோபர் 25 அன்று கேம்பிரிட்ஜில் அறவியல் கழகம் என்ற மெய்யியல் மன்றத்தின் கூட்டமொன்றில் மெய்யியலாளர் கார்ல் பாப்பர் உரையாற்றினார். மற்றொரு மெய்யியலாளரான லுட்விக் விட்கென்ஸ்டைன் கையில் கணப்புக் கம்பியுடன் அவரோடு வாதிட்டுவிட்டு இடையில் வெளியேறினார். அவர் கம்பியை ஓங்கினாரா, வெறுமனே ஆட்டினாரா, அறவிதிக்கு எடுத்துக்காட்டுக் கேட்டபோது, “அழைக்கப்பட்ட பேச்சாளரைக் கம்பியால் மிரட்டக் கூடாது” என்று பாப்பர் சொன்ன புகழ்பெற்ற விடை விட்கென்ஸ்டைன் வெளியேறுவதற்கு முன் வந்ததா பின் வந்ததா என்பதில், அறிவையும் சான்றையும் பற்றியே வாழ்நாள் முழுவதும் சிந்தித்த மனிதர்கள் பிற்காலத்தில் வெவ்வேறாகச் சாட்சி சொன்னார்கள். ஆகவே நினைவை நம்பாதீர்கள். உரையின் சுருக்கம் அரைப் பக்கம், கேட்கப்பட்ட கேள்விகள் ஒவ்வொன்றும் ஒரு வரி, விடைகள் ஒவ்வொன்றும் ஒரு வரி என்று அன்றே எழுதி, பேச்சாளருக்கு ஒரு படி அனுப்பி, கைத்தாளின் ஒரு படியோடு சேர்த்துத் துறை நூலகத்தில் தேதியிட்ட உறையில் வைத்துவிடுங்கள். உறையின் மேல் அடுத்த ஒருங்கிணைப்பாளருக்குப் பயன்படும் குறிப்புகளையும் எழுதுங்கள்: எந்த அறை போதவில்லை, யார் வர இசைந்து தேதி ஒத்துவராமல் போனது, எந்தக் கேள்வி நேரமின்மையால் நின்றுபோனது.